லேத்தும் கரும்பலகையும்: வடசென்னையில் ஐந்து நாட்கள்

திங்கள்: எழும்பூர், பாரிமுனை

நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரை அடைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. கையில் ஒரு பையும் ஒரு நோட்டும் மட்டும்தான். 1984 முதல் 1990 வரை வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்தேன். பிறகு ஊர்ப் பக்கம் மாறுதல் கிடைத்து, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் மனத்தில் விழுந்த ஒரு கேள்வி இன்னும் போகவில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளை, ஆலைத் தொழிலாளியின் பிள்ளை, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் பிள்ளை, மளிகைக் கடைக்காரரின் பிள்ளை என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் இயற்பியலும் உயிரியலும், மறுபக்கம் லேத் என்கிற கடைசல் இயந்திரமும் தட்டச்சும். இப்படி ஒரு பள்ளி தானாக முளைத்திருக்காது. யார் யார் எதை எதைச் சேர்த்து அதைக் கட்டினார்கள்? அதைத் தேடித்தான் வந்திருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிடுவதாகத் திட்டம்.

எழும்பூரில் இறங்கியதே பொருத்தமாகப் போயிற்று. 1789இல் இந்த எழும்பூரில்தான் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான காப்பகம் தொடங்கியது. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஆசிரியர்கள் போதவில்லை. நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்தவர், அதைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். நாடு திரும்பி 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் விழுந்தது. நம் ஊரில் சட்டாம்பிள்ளை என்று சொல்வோமே, அவன்தான் கடல் கடந்து போனான்.

அந்தத் திண்ணைப் பள்ளிகள் கொஞ்சநஞ்சம் இல்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கத் தொடங்கிய கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். எண்ணைப் பார்த்து மனம் நிறைகிறது. ஆனால் அந்தத் திண்ணைகளில் ஏற முடியாத பிள்ளைகள் எத்தனை லட்சம் என்று நினைத்தால் அந்த நிறைவு நிற்பதில்லை.

பத்து மணிக்குப் பாரிமுனை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, கடைகளுக்கும் பெயர்ப் பலகைகளுக்கும் பின்னால், கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் தெரிகின்றன. பச்சையப்பன் மண்டபம். நடைபாதை வியாபாரிகளுக்கு இடையே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கண்ணில் படும். ஏதென்ஸ் நகரத்தின் தீசியஸ் கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டி, 1850இல் திறந்தார்கள். தந்தை இறந்த பிறகு பிறந்து, பிறர் ஆதரவில் வளர்ந்து, வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்து வியாபாரம் பேசும் துபாஷியாகிப் பெரும் பொருள் ஈட்டியவர் பச்சையப்ப முதலியார். 1794இல், நாற்பது வயதில் இறந்தார். அறத்துக்கென்று அவர் எழுதிவைத்த பணம் பல பத்தாண்டுகள் வழக்குகளில் கிடந்தது. அரசு வழக்குரைஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் பாடுபட்டு மீட்ட பிறகு, 1842 ஜனவரி 1 அன்று பிராட்வேயில் பள்ளி திறந்தது. இந்தியர் ஒருவரின் பணத்தில், இந்தியர்களின் பொறுப்பில் நடந்த பள்ளி. அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அதிலிருந்து வளர்ந்த கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதே கல்லூரியில் 1906இல் சேர்ந்த ஓர் இளைஞர் கணக்கில் மட்டும் அபாரமாக எழுதி, மற்றப் பாடங்களில் தேறாமல் எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைப் பரீட்சையில் தோற்றார். 1912இல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சீனிவாச ராமானுஜன். எல்லோருக்கும் ஒரே அச்சு என்று வைத்துவிட்ட பள்ளி எப்படிப்பட்ட பிள்ளையைத் தவறவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற்பகல் அரண்மனைக்காரத் தெரு என்கிற ஆர்மீனியன் தெருவில் நடந்தேன். ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரலில் இந்தத் தெருவில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து தாம்பரம் போனது. மறு ஆண்டே ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் இருவர் அங்கே சேர்ந்தபோது மற்றப் பெற்றோர்கள் கொதித்தார்கள். அவர்களை வெளியே அனுப்ப ஆண்டர்சன் மறுத்துவிட்டார். தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டவர்கள் பலர். இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி காலியாகத் துணிந்தது இந்தத் தெருவில்தான். இன்று அங்கே காகிதக் கடைகளும் திருமண அழைப்பிதழ் அச்சகங்களும் நிறைந்திருக்கின்றன. அந்த இருவரின் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

செவ்வாய்: வண்ணாரப்பேட்டை

காலையில் ஸ்டான்லி மருத்துவமனை வழியாக நடந்தேன். பழைய ஆட்கள் இதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் பட்டினியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதற்கு மூலம். பிறகு கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வந்தது, 1938இல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. ஆனாலும் கஞ்சித்தொட்டி ஜனங்களின் வாயிலிருந்து போகவில்லை. பசியைத் தீர்த்த இடத்தை ஊர் மறப்பதில்லை.

அங்கிருந்து வடக்கே போனால் சர் தியாகராயா கல்லூரி. இப்போது மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர். கல்லூரி 1950இல் வந்தது. அதற்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர் நெசவுத் தொழிலில் வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்தவர், சொந்தமாகக் கைத்தறிகள் நடத்தியவர். நீதிக் கட்சியின் தலைவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். எனக்கு அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக 1920 செப்டம்பர் 16 அன்று நிறைவேற்றிய ஒரு தீர்மானத்துக்காக வேண்டியவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல், பகலில் சிற்றுண்டி. படிக்கிற பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகள். இந்தக் கணக்கை நோட்டில் எழுதிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பள்ளி என்றால் கூரை, வாத்தியார், பலகை. அன்றைக்குத்தான் பிள்ளையின் வயிறும் பள்ளிக்கூடத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறியது.

ஆனால் 1925இல் அது நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டது. பிறகு முட்டி மோதி மறுபடியும் துளிர்த்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவாக மாநிலம் முழுவதும் பரவியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக ஊர்ப்புறங்களில் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984 செப்டம்பரில் பத்தாம் வகுப்பு வரை நீண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த 1984இல்தான். பகல் மணி அடித்ததும் அலுமினியத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் வளாகம் முழுவதும் கேட்கும். என் மாணவர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பினர். அவர்களுக்கு அந்தத் தட்டு கிடையாது. முதல் மாதம் எனக்கு இது புரியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் லேத்தில் நிற்கிற பையனின் கை நடுங்குகிறதே என்று திட்டியிருக்கிறேன். ஒரு நாள் குழாயடியில் மூன்று பேர் வரிசையாகக் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன். “ஆயிற்று சார்” என்றார்கள், மூன்று பேரும் ஒரே குரலில்.

மறுநாள் சத்துணவு ஆயாவிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு தூக்கில் சோறும் சாம்பாரும் போட்டுப் பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் இருந்த ஆறு ஆண்டுகளும் அந்தத் தூக்கு வந்துகொண்டிருந்தது. இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறது, நெற்றியில் பெரிய பொட்டு, இடது கையில் ஒரு தீக்காயத் தழும்பு.

மாலையில் ராபின்சன் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அதன் பெயர் அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இன்று நான்கைந்து பிள்ளைகள் புத்தகப் பையைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

புதன்: பெரம்பூர்

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சி போல, இன்று காலை எட்டு மணிக்கு ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளி வாசலில் வண்டி வந்து நின்றது. சமையற்கூடத்திலிருந்து வந்த எவர்சில்வர் பாத்திரங்களை இரண்டு பெண்கள் இறக்கினார்கள். புதன்கிழமை என்பதால் பொங்கல், சாம்பார். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஒரு சிறுமி தட்டை வாங்கிக்கொண்டு நடக்கும்போது, சாம்பார் பொங்கலோடு கலந்துவிடாமல் இருக்கத் தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே போனாள். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பிறகு பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் போனேன். பக்கிங்காம் ஆலை 1876இல், கர்நாடிக் ஆலை 1881இல். இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி மில். 1996இல் மூடிவிட்டார்கள். ஆலைச் சங்கு ஊதிய இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. உள்ளே போகக் காவலர் விடவில்லை. போய் என்ன பார்க்கப் போகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

இந்த ஆலை தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் படித்தவர்களில் ஒரு பகுதியினர் ‘அரை நேரக்காரர்கள்’. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி. 1881 தொழிற்சாலைச் சட்டப்படி ஏழு வயதுப் பிள்ளை வேலை செய்யலாம், அதுவும் ஒன்பது மணி நேரம். 1891இல் வயது ஒன்பதாக, நேரம் ஏழாக மாறியது. 1911இல் துணி ஆலைகளில் நேரம் ஆறாகக் குறைந்தது. வயது பன்னிரண்டானது 1922இல்தான். பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு வந்து சிலேட்டில் எழுதிய பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பள்ளியில் தொழில் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவன் நான். பிள்ளை கற்பதற்காகத் தொழில் செய்வது ஒன்று, பிழைப்பதற்காகத் தொழில் செய்துவிட்டு மிச்ச நேரத்தில் கற்பது வேறொன்று. இரண்டையும் யாராவது ஒன்றாகப் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த ஆலைத் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதிச் செட்டியார், இராமானுஜலு நாயுடு. தொடக்க நாட்களில் எழுந்த முக்கியமான குறை பகல் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதுதான். வெஸ்லி பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்த திரு.வி.க. வகுப்பறையை விட்டு வெளியே வந்து ஆலை வாசலில் பாடம் நடத்தினார் என்றே அதைப் பார்க்கிறேன்.

வியாழன்: தண்டையார்பேட்டை

தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்தார்கள். அதிலிருந்துதான் தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். என் பழைய பள்ளி இந்தப் பக்கம்தான்.

முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் தலைமை ஆசிரியை அன்போடு வரவேற்றார். என் வயது கேட்டு, நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தார். அவர் அறையில் ஓடிய மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருந்தால் ‘உபயம்’ என்ற எழுத்து தெரிந்திருக்கும். எங்கள் காலத்தில் பெஞ்சு, பீரோ, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் அந்தச் சொல் உண்டு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். பிறகு ஊர் ஊராக மாநாடுகள். கோயிலுக்குக் கொடுப்பது போலவே மக்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். கோயில் பழக்கம் அப்படியே பள்ளிக்கு வந்தபோது கோயிலின் சொல்லும் கூடவே வந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1952இல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கு ஒரு குழு அமைத்தது. தலைவர் ஆ. லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மகப்பேற்று மருத்துவர் அவர். பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்த கையே அவர்கள் என்ன படிக்க வேண்டும் என்றும் எழுதியது. 1953இல் வந்த அறிக்கை, ஒரே பள்ளிக்குள் ஏழு பிரிவுகள் இருக்கட்டும் என்றது: கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். பல்நோக்குப் பள்ளி என்று அதற்குப் பெயர். ஏட்டறிவுக்கு ஒரு பள்ளி, கைவேலைக்கு இன்னொரு பள்ளி என்று பிள்ளைகளைப் பிரிக்காதே, எல்லோரும் ஒரே வாசலில் நுழையட்டும், உள்ளே அவரவர் விருப்பம் போல் பிரியட்டும் என்பதுதான் அதன் சாரம். எனக்குத் தெரிந்தவரை நம் நாட்டுக் கல்வி பற்றி எழுதப்பட்டவற்றில் இதைப் போலப் பெரிய மனதுள்ள யோசனை குறைவு.

தமிழ்நாட்டில் அது முழுதாக உருப்பெறக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறாம் பாரம் என்று தாத்தாக்கள் சொல்வது பின்னாளில் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஆயிற்று. அதற்கு மேல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புப் படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1978இல் அந்த வகுப்பைக் கல்லூரியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. பிளஸ் டூ முதல் பரீட்சை 1980இல். அதனோடு தொழிற்பிரிவும் வந்தது. கணக்குப் பதிவியல், தட்டச்சு, நெசவு, செவிலியம், பொது இயந்திரவியல். கல்லூரி வாசலைப் பார்த்தே பயந்த குடும்பங்களுக்கு, தெருமுனைப் பள்ளியிலேயே இன்னும் இரண்டு ஆண்டு படிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய காரியம்! காசிமேட்டிலிருந்து நடந்தே வந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். பஸ் கட்டணம் இல்லாமல் படிக்க முடிந்ததால்தான் அவர்கள் படித்தார்கள்.

என் வேலை பகுதி நேரம். காலையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, பிற்பகலில் பள்ளிக்கு வருவேன். நிரந்தரமாக ஆண்டுகள் பிடித்தன. அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. பள்ளியின் பட்டறையைப் பற்றி எழுத வேண்டும்.

தலைமை ஆசிரியை சாவியோடு ஒருவரைக் கூட அனுப்பினார். வளாகத்தின் கடைசியில் அதே தகரக் கூரை. கதவைத் திறந்ததும் புத்தம் புதிய ரப்பர் வாடை. உள்ளே வரிசை வரிசையாக மிதிவண்டிகள், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்திருக்கும் விலையில்லா மிதிவண்டிகள். அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கி வழி செய்துகொண்டு உள்ளே போனேன். சுவரோரம் அந்த லேத் நின்றது. மேலே சாக்குத் துணி. துணியை விலக்கினேன். படுகையில் துரு பழுப்பாகப் படர்ந்திருந்தது. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்ற பாகத்தைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தியபோது கால் சுற்று சுற்றி நின்றது. உள்ளங்கையில் கறுப்பு எண்ணெய். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதே வாடை.

இந்த லேத்தில் முதல் பாடம், இரும்புக் கம்பியைப் படிப் படியாகக் கடைவது. கருவி முனை இரும்பைத் தொடுகிற நொடியில் எழும் சத்தத்தைக் கவனிக்கச் சொல்வேன். கிறீச்சிட்டால் வேகம் தப்பு. உறுமினால் ஆழம் தப்பு. சரியாக இருந்தால் துணி கிழிவது போல ஒரு சீரான சத்தம், நீளமான சுருள். படகு எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அதே பையன்கள் ஆங்கிலத் தேர்வில் இருபது மதிப்பெண் வாங்குவார்கள். பள்ளியின் கணக்கில் அவர்கள் மந்தம். என் கணக்கில் அவர்களைப் போலக் காது உள்ளவர்கள் வெகு சிலர்.

இங்கேதான் அந்த யோசனை வழி தவறியது. ஒரே வாசல் என்றார்கள், சரி. ஆனால் உள்ளே போனதும் மதிப்பெண் குறைந்தவர்களைத் தொழிற்பிரிவுக்கு அனுப்புகிற வழக்கம் வந்துவிட்டது. முதல் மதிப்பெண் வாங்கிய பையன் ஒருவன் லேத் படிக்க ஆசைப்பட்டான். அவன் அப்பா வந்து, என் பிள்ளை என்ன தப்பு செய்தான் சார் என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழிற்பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதுகூடப் பல பெற்றோருக்குத் தெரியவில்லை. தண்டனை போல ஒதுக்கப்பட்ட பிரிவில் பிள்ளைகள் குறைந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததால் பல பள்ளிகளில் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இந்தப் பள்ளியிலும் அப்படித்தான்.

சாக்கை மறுபடி போர்த்திவிட்டு வந்தேன். மிதிவண்டிகள் மேல் எனக்குக் கோபமில்லை. நாளைக்கு அவற்றில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். ஆனால் லேத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கலாம்.

வெள்ளி: திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை

மெட்ரோவில் காலடிப்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் தேரடி. காலடிப்பேட்டை என்பது கவர்னர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை, நம் நாக்கில் புரண்டு அப்படி ஆனது.

தியாகராஜர் கோயிலுக்கு நான் போனது வடிவுடையம்மனைப் பார்க்க மட்டுமில்லை. இந்தக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் வியாகரணதான மண்டபம் பற்றிய செய்தி உண்டு. சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினிக்குச் சிவபெருமானே இலக்கணம் கற்பித்த இடம் என்ற நம்பிக்கையில் ஏற்பட்ட மண்டபம். அங்கே இலக்கணம் கற்பித்தார்கள், அதற்கு நிலம் கொடுத்தார்கள். வடசென்னையில் படிப்பே கிடையாது என்று பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வகுப்பு நடந்திருக்கிறது. அந்த வகுப்பில் யார் உட்கார முடிந்தது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த நான்கு நாளும் நடந்தேன்.

பாடநூலிலும் அந்தப் பிரிவினை இருந்ததை நான் என் பணிக்காலத்திலேயே பார்த்தேன். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று ஒரே தெருப் பிள்ளைகள் நான்கு விதப் புத்தகம் படித்தார்கள். 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. வழக்குகளால் 2011 ஜூனில் பள்ளி திறந்தும் புத்தகம் வரவில்லை. ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் கட்டுகள் பிரிந்தன. அந்த இரண்டு மாதமும் நாங்கள் புத்தகமே இல்லாமல் பாடம் நடத்தினோம். அந்தக் கட்டை நானே கத்தியால் அறுத்துப் புத்தகங்களைக் கொடுத்தேன்.

பிற்பகல் கொருக்குப்பேட்டை. 1989இல் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இங்கே சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். இரண்டு லேத். காசிமேட்டு விசைப்படகுகளுக்குத் தண்டு, புஷ் எல்லாம் கடைந்து கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. “சார், உட்காருங்கள், ஒரு வேலை பாதியில் இருக்கிறது, முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்” என்றார். நீ முடி, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். துணி கிழிவது போன்ற அந்தச் சத்தம். சுருள் நீளமாக வந்து விழுந்தது.

குழாயடியில் தண்ணீர் குடித்த கதையைச் சொன்னேன். அந்த மூவருக்குப் பின்னால் வந்த வகுப்பைச் சேர்ந்தவர்தான் இவர். அந்தத் தூக்கு அவருக்கும் நினைவிருந்தது. “அந்த ஆயா இறந்து பத்து வருடம் ஆகிறது சார். நாங்கள் நான்கைந்து பேர் போய்த் தூக்கினோம்” என்றார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐந்து மணிக்கு அவர் மகள் வந்தாள். என் பழைய பள்ளியில்தான் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் கணிதப் பிரிவு. புதிய மிதிவண்டி இன்னும் கொடுக்கவில்லையாம், நடந்தே வந்திருக்கிறாள். அது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

“தாத்தாவுக்கு வணக்கம் சொல்லம்மா. அப்பாவுக்கு லேத் கற்றுக் கொடுத்தவர்” என்றார். வணக்கம் சொன்னாள். பையை மாட்டிவிட்டு, அப்பா கேட்பதற்கு முன்பே மேசையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். பள்ளி ஆய்வகத்து வெர்னியரில் மீச்சிற்றளவு, அதாவது அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 சென்டிமீட்டர், இதில் 0.02 மில்லிமீட்டர், இதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது என்றாள். கடைந்து முடித்த தண்டு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆறட்டும் என்று அப்பா சொன்னார். மூவரும் தேநீர் குடித்தோம்.

பிறகு அவள் தண்டைத் தாடைகளுக்கு இடையே வைத்து, வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். 25 மில்லிமீட்டருக்குச் சொல்லியிருந்த தண்டு.

“முதன்மைக் கோலில் 24. ஒன்றிப்பு 49.”

அப்பா காத்திருந்தார். நானும் 49ஐ 0.02ஆல் மனத்துக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

“24.98” என்று சொல்லிவிட்டு, கரி பென்சிலால் பில் நோட்டின் ஓரத்தில் எழுதினாள்.